வெறுங்கால்

மந்திரி வரும் நாள். உச்சிவெயிலில் மேடை முழுவதையும் முகர்ந்து முடித்தாள் போலீஸ் நாய் லைலா. அடுத்து சாலைக்கு மறுபக்கம் இருந்த மண்டபம். தாரில் முன்னங்காலை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அவளைப் பழக்கிய ஏட்டு துரைக்கண்ணு குனிந்து அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முப்பது கிலோ லைலாவை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சாலையில் இறங்கினார். கூட்டம் சிரித்தது.

"ஏன்யா மானத்த வாங்குற? எறக்கி விடு!" மண்டப வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"தாரு கொதிக்குதுங்கய்யா. நான் பூட்ஸ் போட்டிருக்கேன், இது வெறுங்காலு." துரைக்கண்ணு நிற்காமல் நடந்தார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து சாலையில் உள்ளங்கையை வைத்தார். உடனே கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். மண்டபத்து நிழலில் லைலா இறங்கியதும், அவரே தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளுடைய பாதங்களில் ஒவ்வொன்றாக ஊற்றினார்.

"மந்திரி வர இன்னும் நேரமிருக்கு. அவ கொஞ்சம் படுக்கட்டும்யா."

லைலா ஈரத்தரையில் வயிறு பட நான்கு கால்களையும் பரப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முதுகை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் சைரன் கேட்டது. இருவரில் ஒருவரும் அவளை எழுப்பவில்லை.