மாடி அறை விருந்தாளி

தலையணை வசதியாக இருக்கிறதா என்று போன் கேட்டது.

அவள் பதில் போடவில்லை. சற்று முன்புதான் வெந்நீர் சரியாக வருகிறதா என்று கேட்டிருந்தது. அதற்கு முன், கதவுப் பூட்டின் எண் நினைவிருக்கிறதா என்று. இந்த மாடி அறைக்கு வந்ததிலிருந்து இதே தொல்லை. ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் ஒரு பூங்கொத்துப் படம்.

வீட்டுக்காரன் கீழேதான் இருக்கிறான். நாலு படி ஏறி வந்து கேட்டால் கிரீடமா இறங்கிவிடும்?

தலையணை வசதியாக இல்லை. உறையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருந்தான். விரிப்பு ஒரு பக்கம் தரையைத் தொட்டது, மறுபக்கம் மெத்தையைக்கூட மூடவில்லை. பழக்கமில்லாத கை. செய்துகொண்டிருந்த ஆள் போய்விட்டால் இப்படித்தான்.

போன வாரம் இதே அறையில் தங்கிய ஒரு பெண் விமர்சனத்தில் எழுதிவிட்டுப் போயிருந்ததை நினைத்தால் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தைக்கு ஜுரம் கொதிக்கிறது, பக்கத்தில் டாக்டர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டாளாம். “மிக்க மகிழ்ச்சி! குடும்பத்தோடு பொழுதை அனுபவியுங்கள்” என்று பதில் வந்ததாம்.

பூங்கொத்தோடு.

அவள் விரல்கள் படபடவென்று தட்டின. “வந்த அன்று ஒரு செய்தி, கிளம்பும் அன்று ஒரு செய்தி. அதோடு இயந்திரத்தின் வாயை மூடுங்கள். நடுவில் யாராவது ஏதாவது கேட்டால் மனிதன் பதில் சொல்ல வேண்டும்.”

“ஆலோசனைக்கு நன்றி! எங்கள் உபசரிப்பு உங்களுக்குப் பிடித்ததில் மகிழ்ச்சி.”

“நான் அழுதுகொண்டிருக்கிறேன்.”

“அருமை! மாலையில் மொட்டைமாடியிலிருந்து சூரியன் மறைவதைப் பார்க்கத் தவறாதீர்கள்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். “உங்கள் மனைவி வீட்டை விட்டுப் போய்விட்டாள், தெரியுமா?”

“தெரிவித்தமைக்கு நன்றி! உடனே கவனிக்கிறோம்.”

உடனேயாம்.

நடுநடுவே அழைப்புகளும் வந்தன, எல்லாம் ஒரே எண்ணிலிருந்து. அவள் எடுக்கவில்லை. அந்த ஆளிடம் வாயால் சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

கீழே ஜன்னல் திறக்கும் சத்தம். பிறகு வீட்டுக்காரனின் குரல்.

“அத்தை, அவ அங்க வரவே இல்லையா? மறைக்காதீங்க அத்தை. என் மேலதான் தப்பு, ஒத்துக்கறேன். நான் எங்கன்னு போய்த் தேடுவேன்? மாடில வேற ஒரு கெஸ்ட் இருக்காங்க, வீட்டைப் போட்டுட்டு வர முடியல.”

அம்மா என்ன பதில் சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

அந்த ஜுரக் குழந்தை விஷயத்தைக் காட்டிக் கேட்டதற்கு, ‘அதெல்லாம் மெஷின் பாத்துக்கும், நீ உன் வேலையப் பாரு’ என்று அவன் சொன்ன அன்றே பையைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போனாள். அங்கிருந்தே போனில் இந்த அறையைப் பதிவு செய்தாள். மறுநாள் வந்து, வெளிப்படிக்கட்டில் ஏறி, போன் கொடுத்த எண்ணை அழுத்தி உள்ளே புகுந்துவிட்டாள்.

எதையும் ஒளிக்கவில்லை. பதிவில் சொந்தப் பெயர். பக்கத்தில் அவன் தோள் பாதி தெரிகிற படம். மாடியில் இருப்பது யார் என்று ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

போன் மறுபடி அதிர்ந்தது.

“நாளை விடைபெறுகிறீர்கள். உங்களைப் பிரிய மனமில்லை. இன்னும் சில நாட்கள் எங்களோடு தங்குகிறீர்களா?”

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலையணை உறையைக் கழற்றி, உதறி, நேராக மாட்டினாள்.

பிறகு ‘ஆம்’ என்பதை, போனே உடைந்துவிடுகிற மாதிரி அழுத்தினாள்.