கதவைத் தட்டும் காட்சி

"அவன் செத்துட்டான்னு காட்டுங்க சார். அப்பத்தான் நம்ம ஆளுங்களுக்குப் பயம் வரும்."

ஜூஜுவாடியில் ஒரு லைன் வீட்டு வாசலில் நின்றபடி, கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஆனந்த் காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தார். பாதுகாப்பு வாரத்துக்காக எடுக்கும் குறும்படம். ஒரு தொழிலாளி இடுப்பில் பெல்ட் மாட்டாமல் உயரத்தில் ஏறப் போகிறான். அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் தகராறு.

"பாதி ஏணியில நினைவு வந்து இறங்குறான். பெல்ட் மாட்டிக்கிட்டு மறுபடி ஏறுறான்" என்றார் இயக்குநர் பாஸ்கரன். "சாயந்திரம் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுறான். பொண்டாட்டி திறக்கிறா. சிரிக்கிறா. அவ்வளவுதான் படம்."

"இதுல என்ன சார் கதை இருக்கு? தினமும் எல்லாரும்தான் வீட்டுக்கு வர்றாங்க."

பாஸ்கரன் வாசல் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்.

அவருடைய முதல் படத்தைக் கல்லூரி நாட்களில் திரும்பத் திரும்பப் பார்த்தவர் ஆனந்த். அடுத்தது பெரிய ஹீரோ, பெரிய படம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கோட்டையையே செட்டாகக் கட்டினார்கள். செலவு எகிறிப் படம் பாதியில் நின்றுபோனது என்றுதான் பேச்சு. அதன்பிறகு சென்னையில் யாரும் பாஸ்கரனின் போனை எடுக்கவில்லை. பழைய அபிமானத்தில் ஆனந்த்தான் அவரைத் தேடிப்பிடித்து இந்த வேலையைக் கொடுத்திருந்தார். இது எம்.டி.க்குப் பிடித்துவிட்டால், கம்பெனியின் எல்லா ஆலைகளுக்கும் இனி அவர்தான் படம் எடுப்பார்.

"அதிருக்கட்டும், வெளியாளை எதுக்கு சார் நடிக்க வெச்சீங்க? நம்ம கம்பெனியிலயே எத்தனை லேடீஸ் இருக்காங்க."

"எனக்கு இந்த வீட்டுக் கதவு வேணும்."

"கதவா?" ஆனந்த் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக உள்ளே போனார்.

உள்ளே ராஜாத்தி தயாராக நின்றிருந்தாள். நெற்றியில் குங்குமம், தலையில் மல்லிகை. பூவை அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஏம்மா, சுவத்துல அந்த வெள்ளைக் கட்டம் அசிங்கமா தெரியுதே. என்ன மாட்டியிருந்தீங்க?"

"போட்டோங்க சார். ஷூட்டிங்குன்னு கழட்டி வெச்சிருக்கேன்."

"ஒரு காலண்டரையாவது மாட்டி விடுங்க. வீட்டுக்காரர் எங்க? அவரையே நடிக்க வெச்சிருக்கலாமே."

"வேலைக்குப் போயிருக்காருங்க சார்."

பாஸ்கரன் குனிந்து லென்ஸைத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

கணவனாக நடிக்க வந்தவன் அதே கம்பெனி ஃபிட்டர் முனிவேல். "சார், எனக்கு மேக்கப் கிடையாதா? மூஞ்சியெல்லாம் கிரீஸு."

"ஏனு, இவன்தான் ஹீரோவா?" பக்கத்து வீட்டு கெம்பம்மா வாசலில் வந்து நின்று, கன்னடம் கலந்த தமிழில் கேட்டுச் சிரித்தாள். "எங்கூட்டு எருமையே இவனைவிட லட்சணமா இருக்குமே!"

"அப்ப அதையே கூட்டியாங்க அக்கா, கதவைத் தட்டுதா பார்க்கலாம்" என்றான் முனிவேல்.

கெம்பம்மா சிரித்தபடியே உள்ளே எட்டிப் பார்த்தாள். ராஜாத்தியின் தலையில் இருந்த பூவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

"ஆக்‌ஷன்."

முனிவேல் தட்டினான். ராஜாத்தி கதவைத் திறந்தாள். அவனையே பார்த்தபடி நின்றாள்.

"கட். சிரிக்கணும்மா."

அடுத்த முறை உதடு விரிந்தது. ஆனால் கண்ணீர் முந்திக்கொண்டது. அதற்கடுத்த முறையும் அப்படியே.

"பேசாம அவன் செத்துட்டான்னு வெச்சிருங்க சார்" என்றார் ஆனந்த். "இந்தம்மாகிட்ட அழுகை ரெடியா இருக்கு. ஒரே டேக்ல முடிச்சிரலாம்."

"அவன் வர்றான், ஆனந்த்." பாஸ்கரன் கேமராவைவிட்டு நிமிர்ந்தார். "வந்தே ஆகணும்."

"அப்ப அடுத்த படம் உங்களுக்குக் கிடையாது சார். எம்.டி.கிட்ட என்னால பேச முடியாது. இதையும் விட்டா உங்களுக்கு வேற என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. சீன் இதுதான்."

ராஜாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு முனிவேலிடம் போனாள். "அண்ணா, இவ்ளோ மெதுவா தட்டாதீங்க. கதவு பேத்துக்கிற மாதிரி தட்டிட்டு, 'ராஜி'ன்னு கூப்பிடுங்க."

மறுபடி கேமரா ஓடியது. கதவு அதிர்ந்தது. "ராஜி..."

கதவு படீரென்று திறந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று கோபிக்க வந்தவள், கோபத்தை மறந்து சிரிப்பதைப் போல ராஜாத்தி சிரித்தாள்.

"கட்" என்று சொல்ல பாஸ்கரனுக்கு வெகுநேரம் ஆனது.

ஆனந்த் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார். கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. ராஜாத்தி மட்டும் கதவோரமே நின்றிருந்தாள்.

"சார்... இன்னொரு தடவை தட்டச் சொல்றீங்களா?"

முனிவேல் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பாஸ்கரன் அவனை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். கதவு சாத்தப்பட்டது.

"ஆக்‌ஷன்" என்றார், கேமரா இல்லாமலே.

முனிவேலும் கிளம்பிப் போனபின், ராஜாத்தி குங்குமத்தை அழித்தாள். பூவை எடுத்து வைத்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து மாலை போட்ட போட்டோவை வெளியே எடுத்தாள்.

பாஸ்கரன் அதை வாங்கி, சுவரின் வெள்ளைக் கட்டத்தில் சரியாகப் பொருத்தி மாட்டினார். அதில், கோட்டை செட்டுக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார் அவள் கணவர், லைட்மேன் நாராயணப்பன். "வெளிச்சம் போகுதுய்யா, பெல்ட்டெல்லாம் அப்புறம் மாட்டிக்கலாம், ஏறு" என்று அன்றைக்கு பாஸ்கரன் கத்தியதும், மறுபேச்சில்லாமல் ஏறியவர்.