கம்பிக் குலவை

நாக்கு சும்மா இருக்கவில்லை.

மேல்வரிசைக் கம்பியைத் தடவியது. கீழ்வரிசைக்கு இறங்கியது. இடப்பக்கக் கடைவாயில், கம்பி நுனி குத்திப் புண்ணாக்கிய இடத்தில் போய் நின்றது. போகாதே என்றால் அங்கேதான் போகும். சனியன்.

மணமேடைக்குப் பக்கத்து அறையில் கண்ணாடி முன்னால் நின்று அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

நாற்பது தாண்டிய வயதில் பல்லுக்குக் கம்பி. மூன்று வாரமாக இட்லியைச் சாம்பாரில் கரைத்து விழுங்குகிறாள். முறுக்கு என்று யாராவது பேச்செடுத்தாலே தாடை வலிக்கிறது. தூக்கத்தில்கூட நாக்கு கம்பியை நெருடிக்கொண்டே கிடக்கிறது.

எடுப்புப் பல். பள்ளிக்கூடத்தில் அதற்கு வைத்த பெயர்களை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சிரித்தால் கை தானாக வாய்க்கு வந்துவிடும். போதும்டா சாமி என்று இந்த வருஷம்தான் போய்ப் போட்டுக்கொண்டாள்.

போட்ட கையோடு தம்பிக்கு முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். இத்தனை வருஷம் அமையாத பெண், இப்போது பார்த்து அமைகிறது. கல்யாணம் வரைக்கும் கழற்றித் தர முடியுமா என்று டாக்டரிடமே கேட்டாள். அவர் சிரித்தார். நல்ல வரிசையான பல் அவருக்கு.

கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி சோலைராஜ் வந்தான். பட்டு வேட்டி, நெற்றி நிறைய வியர்வை.

"யக்கா, குலவை உண்டுல்லா? அம்மா காலைல இருந்து ஒம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கா."

"உண்டுடா. நீ போயி மணவறையில உக்காரு, போ."

சொல்லிவிட்டாள். சொல்வதற்கு என்ன, வாயை அகலத் திறக்காமலே சொல்லலாம்.

கோவில்பட்டியில் அவர்கள் தெருவில் யாருக்குத் தாலி ஏறினாலும் அம்மாவின் குலவைதான். நாதஸ்வரத்தையும் தாண்டிக் கேட்கும். போன புரட்டாசியில் பக்கவாதம் வந்து, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு போனது. அன்றிலிருந்து முந்தானையால் வாயை மூடாமல் அம்மா யார் முன்னாலும் உட்கார்ந்ததில்லை.

இது தாம்பரத்து மண்டபம். பெண் வீட்டில் குலவை வழக்கமில்லை. ஊரிலிருந்து வேனில் வந்த சித்திகளும் அத்தைகளும், எடுத்துக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். தாங்களாக எடுக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா, முடியாவிட்டால் கூடப்பிறந்தவள்தான் எடுக்க வேண்டும்.

அதாவது அவள்.

நேற்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தாள். குலவைக்கு நாக்கு இந்தக் கடைவாய்க்கும் அந்தக் கடைவாய்க்கும் ஓடி ஓடி அடிக்க வேண்டும். நடுவில் கம்பி. தொடங்கியதுமே மாட்டி இழுத்தது. துப்பினால் ரத்தம்.

வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது கண்ணாடி பார்த்து, டாக்டர் கொடுத்த மெழுகை உருட்டிக் கம்பியின் மேல் ஒட்டினாள். இன்னொன்று ஒட்டினாள். கூட்டத்தின் நடுவில் வாயைத் திறப்பதைத்தான் பொறுக்க முடியாது.

குலவை போடும்போது எல்லாப் பெண்களும் கையை வாய்க்கு மறைப்பாக வைத்துக்கொள்வார்கள். சின்ன வயதிலிருந்து அந்த ஓர் இடத்தில்தான் அவள் கை யாருக்கும் வித்தியாசமாகத் தெரிந்ததில்லை. கை இருக்கிறது, சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

நாத்தனார் முடிச்சை மறந்தே போயிருந்தாள். புத்தி எங்கே மேய்ந்ததோ.

தம்பி முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் அவள் போட வேண்டும். பெண்ணின் பின்னால் நின்று. இரண்டு கையாலும்.

மேடை ஏறினாள். பெண்ணின் பெரியம்மா விலகி இடம் கொடுத்துக்கொண்டே அவள் வாயைப் பார்த்தார்.

"இந்த வயசுலயா?"

கேட்பதற்கு நல்ல நேரம் பார்த்தாள் மகராசி.

முதல் வரிசையில் சக்கர நாற்காலியில் அம்மா. முந்தானைக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவை இவள் முகத்தை விட்டு நகரவில்லை.

கெட்டிமேளம்.

மாலையை ஒதுக்கிப் பெண்ணின் ஜடையைத் தூக்கிப் பிடித்தாள். மஞ்சள் கயிறு அவள் விரல்களுக்கு வந்தது. அட்சதை விழுந்தது. வீடியோக்காரர் விளக்கை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

வாயைத் திறந்தாள்.

முதல் அடியிலேயே மெழுகு கழன்றது. அதைக் கன்னத்தில் ஒதுக்கினாள். நாக்கு கம்பியில் அடித்தது. மறுபடி அடித்தது. சத்தம் திக்கியது, உடைந்தது, பிறகு பிடித்துக்கொண்டு மேளத்துக்கு மேலே ஏறியது. எரிந்தது. எரியட்டும். விரல்கள் இரண்டாம் முடிச்சைப் போட்டன.

எதிரே பெரிய திரையில் அவள் வாய் முழுக்கக் கம்பி மின்னியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்கும் கேட்டது. வெட்கம் பிடுங்கியது. நிறுத்தவில்லை.

சித்திகள் பிடித்துக்கொண்டார்கள். அத்தைகள் பிடித்துக்கொண்டார்கள். மண்டபம் அதிர்ந்தது.

மூன்றாம் முடிச்சை இறுக்கிவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

முந்தானை மடியில் கிடந்தது.

கோணிய வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. உள்ளே நாக்கு ஒரு பக்கமாக, அந்த ஒரு பக்கமாக மட்டும், அடித்துக்கொண்டிருந்தது.

மேளம் நின்றது. சித்திகள் ஓய்ந்தார்கள். அவள் கைகள் இரண்டும் இப்போது சும்மாதான் இருந்தன. வாய்க்குப் போகவில்லை.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் தொடர்ந்தாள்.

அம்மா இன்னும் முடிக்கவில்லை.