தாழ்ப்பாளுக்கு நாலு உவமை

"இதையும் அடி," என்றார் தமிழ் சார்.

மாணவி அடித்தாள். மூன்றாவது உவமையும் போயிற்று. பேனா அழுத்தியதில் தாளே கிழிந்தது.

விசாரித்து எழுதுகிற பாடம் அது. பள்ளிக்கூடத்தில் உறுத்துகிற ஒரு கேள்வியை எடுத்து, நாலு பேரிடம் விசாரித்து, ஒரு பத்தி எழுத வேண்டும். பத்திகள் சுவரில் ஏறும். மதியம் கல்வி அதிகாரி வந்து படிப்பார்.

அவள் எடுத்த கேள்வி: பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு ஏன் தாழ்ப்பாள் இல்லை?

"'அந்திவானம் போல் சிவந்த துரு.' வானம் பார்க்கவா உள்ளே போறீங்க?"

வகுப்பே சிரித்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உவமை போடுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வகுப்பில் ஆள் கிடையாது.

"அணி இருந்தாத்தானே சார் பத்தி அழகு?"

"அழகு கிடக்கட்டும். எத்தனை மாசமா தாழ்ப்பாள் இல்லை?"

"ஏழு."

"யார் சொன்னா?"

"ஆபீஸ் அக்கா. மூணு மனு கொடுத்தாச்சாம்."

"அப்ப எப்படித்தான் போறீங்க?"

"ஒருத்தி உள்ளே போவா சார். இன்னொருத்தி வெளியே கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. ரெண்டு பேருக்கும் பாடம் போயிடும்."

"இதெல்லாம் பத்தியில காணோமே."

"இருக்கு சார். பட்டாம்பூச்சிக்குக் கீழே."

"பட்டாம்பூச்சியையும் அடி."

மிஞ்சியது நாலு வரி. மொட்டையாக, மின்தடை அறிவிப்பு மாதிரி.

"ரசனை கெட்ட மனுஷன்டி," என்று தோழியிடம் முணுமுணுத்துக்கொண்டே சுவரில் ஒட்டினாள்.

மதியம் அதிகாரி அம்மா வந்தார். மற்றவர்கள் பத்திகளில் இருந்த முழுநிலவையும் முத்துப் பல்லையும் நடந்துகொண்டே பார்த்தார். நாலு வரிக்கு முன்னால் நின்றார். இரண்டு தடவை படித்தார். கழிப்பறை எங்கே என்று கேட்டார். தலைமையாசிரியரை வெளியே கதவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போனவர் சீக்கிரம் வரவும் இல்லை.

மூன்று மணிக்குத் தச்சர் புதுத் தாழ்ப்பாளோடு வந்துவிட்டார்.

நோட்டுகளை வைக்க அவள் ஆசிரியர் அறைக்குப் போனபோது, உள்ளே தலைமையாசிரியர் குதித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பத்தியைக் காலையிலேயே காட்டினீங்க இல்ல? நான் என்ன பண்ணச் சொன்னேன்?"

தமிழ் சார் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "இன்னும் நாலு உவமை சேர்க்கச் சொன்னீங்க சார், அந்தம்மாவுக்கு எதுவும் புரியாத மாதிரி."