ஆறாவது அரண்மனை

பொலிவியாவிலிருந்து லண்டனுக்குக் கட்டடக்கலை படிக்க வந்த சிமேனா, இங்கிலாந்தின் ஐந்து பழைய அரண்மனைகளைப் பார்த்து எழுதிவிட்டாள். ஆறாவதையும் எழுதித் திங்கட்கிழமை கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும்.

"நாளைக்கு நான் பேலஸுக்குப் போறேன். ஒரு டிக்கெட் கூடுதலா இருக்கு, வர்றியா கண்ணு?" என்று வீட்டுக்கார அம்மாள் மோரீன் கேட்டபோது, பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது. உடனே நோட்டை எடுத்தாள்.

"இப்ப எந்த நிலைமையில இருக்கு?"

"அதை ஏன் கேக்குறே. பின்பக்கம் பூரா ஓட்டை. எவன் வேணாலும் உள்ள பூந்துடறான்."

"முன்பக்கம்?"

"ரெண்டு பேர் மரம் மாதிரி நிக்கிறானுங்க."

'முன்புறம் காவலர் இருவர்' என்று குறித்துக்கொண்டாள்.

"சரிபண்ண ஆள் இல்லையா?"

"புதுசா ஒருத்தனைப் போட்டிருக்காங்க. இருந்தாலும் மே மாசத்துக்குள்ள விழுந்துடும்னுதான் தோணுது."

விழுவதற்குள் பார்த்துவிட வேண்டுமே என்று, மறுநாள் நல்ல கவுனும் தொப்பியும் அணிந்து, அளவு நாடாவோடு கிளம்பினாள். கூட்டத்தோடு படியேறியவள் திகைத்து நின்றாள். எதிரே பெரிய புல்வெளி. அதில் இருபத்திரண்டு பேர் கால்பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

"அரண்மனை எங்க?"

"அது எங்க தாத்தா காலத்துலயே எரிஞ்சு போச்சே. பேரை மட்டும் டீமுக்கு வச்சிருக்கோம்" என்றாள் மோரீன், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போது எதிரணிக்காரன் ஒருவன் சர்வசாதாரணமாக உள்ளே நுழைந்து கோல் போட்டான்.

"பாத்தியா, சொன்னேன்ல? இப்படியே போனா மே மாசம் கீழ் டிவிஷனுக்கு விழ வேண்டியதுதான்."

சிமேனா குழப்பத்தோடு நோட்டைப் பிரித்தாள். எழுதியிருந்ததில் ஒரு தப்பும் இல்லை. மோரீனின் டீமுக்கு முன்புறத்தில் அந்தக் 'காவலர்' இருவரும்கூட, பந்தைத் துரத்தாமல், மரம் மாதிரியே நின்றுகொண்டிருந்தார்கள்.