இரண்டு கட்டு முருங்கைக்கீரை

தாளைப் பிரித்ததும் பச்சை வாசம் குப்பென்று வந்தது.

அவன் சட்டென்று மறுபடி சுற்றினான். அவள் உள்ளே படுத்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

இரண்டு கட்டு முருங்கைக்கீரை. ஆறு வாரத்துக்கு முன்னால் அவனே சொல்லிவைத்தது.

பெர்கன் நகரத்தில் முருங்கைக்கீரை வேண்டுமென்றால் ஈழத்துக்காரர் பரஞ்சோதி அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் விமானத்தில் வரும். பிள்ளை பிறந்ததும் வாராவாரம் இரண்டு கட்டு என்று சொன்னபோது அவனுக்கு இருந்த மிதப்பைப் பார்த்திருக்க வேண்டும். ஏதோ பால் கொடுக்கப்போவதே அவன்தான் என்பது மாதிரி.

அவளுக்குக் கீரை என்றாலே ஆகாது. பிள்ளைக்காகத் தின்கிறேன், உனக்காக இல்லை என்று சொல்லியிருந்தாள்.

பிள்ளை போன வாரம் பிறந்தது.

அழவில்லை.

நேற்று மழையில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

இதெல்லாம் அவள் மார்புக்குத் தெரியாது. பால் கட்டிக்கொண்டு வலியில் துடித்தாள். நைட்டி நனைவதும் காய்வதுமாக இருந்தது.

முட்டைக்கோஸ் இலையைக் குளிரவைத்து மார்பில் வைக்கச் சொன்னாள் நர்ஸ். பால் வற்றிவிடுமாம். முழு முட்டைக்கோஸ் ஒன்றை வாங்கிவந்து இலை இலையாகப் பிரித்துக் கொடுத்தான். அவள் கையால்கூடத் தொடவில்லை. இந்த ஊர் வைத்தியத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லைபோல என்று நினைத்துக்கொண்டான்.

ஊரில் இருக்கும் அம்மாவைக் கேட்டான். மல்லிகைப்பூவை வைத்துக் கட்டு, தானாக வற்றும் என்றாள் அம்மா. போனிலேயே அழுதாள். முருங்கைக்கீரையை மட்டும் அவள் கண்ணில் காட்டிவிடாதே, பால் பெருகிவிடும் என்றாள்.

பூவும் பரஞ்சோதி அண்ணன் கடையில்தான் கிடைக்கும். இரண்டு முழம் கேட்டான். கேட்காமலே கீரைக் கட்டுகளையும் பையில் வைத்தார் அவர்.

"பால் நல்லாச் சுரக்கும், தம்பி. பிள்ளைக்குப் பேர் வச்சாச்சோ?"

"வச்சாச்சு அண்ணே."

பொய் இல்லை. குழிமேட்டில் நட்ட பலகையில் எழுதுவதற்கு ஒரு பேர் வேண்டியிருந்தது.

கீரை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வழியில் எங்காவது போட்டுவிட்டு வரலாம் என்றால் கையும் வரவில்லை. பையோடு வீடுவரை வந்துவிட்டான்.

பூவைத் தட்டில் வைத்தான். கட்டுவதற்கு மெல்லிய வேட்டி தேடி அடுத்த அறை அலமாரியைக் குடைந்தான். கல்யாண வேட்டிதான் கிடைத்தது. பரவாயில்லை, கிழித்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்தபோது அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

தாள் பிரிந்து கிடந்தது. ஒரு கட்டைப் பிரித்துப் போட்டுக் கீரையை உருவிக்கொண்டிருந்தாள். பழுத்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒதுக்கினாள். அவசரமே இல்லை.

அவன் பூத்தட்டை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினான். வேட்டியையும் பக்கத்தில் வைத்தான்.

அவள் பார்த்தாள். எதற்கென்று அவளுக்கும் தெரியும்.

நைட்டி மறுபடி நனைந்திருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"அவனுக்குன்னு வந்தது இது ஒண்ணுதான் மிச்சம். கொஞ்ச நாள் இருக்கட்டுமே."



அவன் பூவை எடுத்துப்போய் ஃபிரிட்ஜில், முட்டைக்கோஸ் இலைகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

திரும்பி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டாவது கட்டைப் பிரித்தான்.