ஏணி சாத்திய இடம்

வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் காட்டை வெட்டி, வண்டி நிறுத்தும் இடமாக்கி ஒரு வருடம் ஆகிறது. அதைக் காப்பாற்ற என் வீட்டுக்காரர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. வெட்டிய நாளிலிருந்து அவர் கொல்லைப்பக்கம் வருவதே இல்லை.

ஆனால் கொல்லைக் கொடியில் போடும் துணி, மர நிழல் விழுந்த காலம் போலவே, இன்றும் சாயங்காலம் வரை ஈரமாகவே இருக்கிறது. போதாததற்குப் பறவை எச்சம் வேறு. காடு போயும், துவைத்ததையே துவைக்கும் என் தலையெழுத்து போகவில்லை.

நேற்று மத்தியானம் கொடிக்கு அடியில், இறகு முளைக்காத குஞ்சு ஒன்று கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன். வெறும் வானம்.

"என்னங்க, குஞ்சு விழுந்திருக்கு. கூட்டுல வச்சிட்டு வாங்க" என்றேன், பழைய பழக்கத்தில்.

எந்தக் கூட்டில் என்று அவர் கேட்கவில்லை. குஞ்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏணியைத் தூக்கிவந்தார். முன்பு பெரிய கிளை சுவர் தாண்டி நீண்டிருந்த இடத்தில் சாத்தினார். வெறும் காற்றில் ஏணி நின்றது. நான் அடியைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே எதையோ கையால் விலக்கி, குஞ்சை வைத்தார். அது கீழே விழவில்லை.

"வச்சாச்சுல்ல? இறங்குங்க, சாப்பாடு ஆறுது."

"இரு, காத்து நல்லா வருது."

எத்தனை நாளாயிற்று அவர் சிரித்து! மேல் படியிலிருந்து ஒரு காலை எடுத்துக் காட்டுப் பக்கமாக வைத்தார். பிறகு மற்றக் காலையும்.

என் கையில் ஏணி லேசானது.